ரயிலில் புத்தகமா, போனா? குழந்தைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு வருடத்துக்கு முன்னால் கோடை விடுமுறைக்கு வைகை எக்ஸ்பிரஸில் மதுரை போனோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பையில் 11 புத்தகங்கள் எடுத்து வைத்திருந்தேன். எழும்பூரில் ஏறி, தாம்பரம் தாண்டுவதற்குள் ஒன்றை விரித்தாள், இரண்டு பக்கம் புரட்டினாள், "அம்மா, போன்" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். மணப்பாறை தாண்டும்போது சார்ஜ் தீர்ந்தது. அங்கிருந்து மதுரை வரை அவள் அழுததைப் பெட்டியே கேட்டது. 11 புத்தகங்களும் மடிப்புக் கலையாமல் அப்பத்தா வீடு போய்ச் சேர்ந்தன.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. வருடத்துக்கு இரண்டு தடவை அதே தடத்தில் போய் வருகிறோம். புத்தகம் நல்லது, போன் கெட்டது என்கிற எண்ணத்தோடு கிளம்பியதுதான் அன்றைக்கு நான் செய்த தப்பு. எந்த நேரத்துக்கு எது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு ஏறினால் சண்டை பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதை எப்படிச் செய்கிறோம் என்று கீழே சொல்கிறேன்.

முதலில், ஆராய்ச்சி சொல்வது

ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகவல் சொல்கிற பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்திருந்தது. அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தபோது இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். ஆனால் கதைகளில் தாளுக்கும் திரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பிள்ளை டேப்லெட்டில் கதை படித்தால் குடி மூழ்கிப் போகாது. நாம் கொடுக்கிற போனில் அவர்கள் கதை படிப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடும் வீடியோவைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் கொடுத்த அளவு இது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினரோடு எப்போதாவது வீடியோ கால் பேசலாம். இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். ஏழு மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணத்தில் இதைக் கடைப்பிடிக்க முடியுமா என்றால், முடிகிறது. ஆனால் முன்னேற்பாடு வேண்டும்.

படி 1: கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே

வீட்டில் புத்தகத்தைத் தொடாத பிள்ளை ரயிலில் தொடாது. இது என் 11 புத்தகங்கள் சொல்லிக் கொடுத்தது. பயணத்துக்காகப் புத்தம் புதிதாக வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. புதிய புத்தகத்துக்குள் நுழைவதற்கு ஒரு பொறுமை வேண்டும், ஆட்டத்திலும் சத்தத்திலும் அது வராது.

அதனால் இரண்டு வாரம் முன்பே ராத்திரிகளில் ஒரு கதையைப் படிக்க ஆரம்பிப்போம். பாதியில், நல்ல கட்டத்தில், நிறுத்திவிட வேண்டும். "மீதி வைகையில்" என்று சொல்லிவிட வேண்டும். சின்னவன் முதலில் கத்துவான், அப்புறம் தினம் "எப்போ ஊருக்குப் போறோம்" என்று கேட்க ஆரம்பிப்பான். பழைய வாரப் பத்திரிகைகள் தொடர்கதையை நிறுத்துகிற இடம் நினைவிருக்கிறதா, அதே தந்திரம்.

டிக்கெட் எடுக்கும்போதே ஜன்னல் இருக்கைக்கு முயற்சி செய்யுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நான்கு பேருக்கு ஒரு ஜன்னலாவது கிடைத்தால் போதும். அந்த ஜன்னல் எந்தப் புத்தகத்துக்கும் சமம், ஏன் என்று கீழே வரும்.

படி 2: பையில் என்ன வைப்பது

ஆளுக்கு இரண்டு, பொதுவில் ஒன்று. அவ்வளவுதான். 11 வேண்டாம்.

ஐந்து வயதுக்கு மெல்லிய படப் புத்தகங்கள் போதும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடுகிற சிறுவர் வரிசையில் தமிழ்ப் புத்தகங்கள் மலிவு, எடையும் இல்லை, கிழிந்தாலும் மனம் கிழியாது. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி படப் புத்தகங்கள் போடுகிறது. அக்கா ஒரு மொழியில் படிக்க, தம்பி இன்னொன்றில் கேட்பான். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. நான் அவற்றில் இரண்டை வீட்டு பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, நான்கு கலர் பென்சிலோடு கொடுத்துவிடுகிறேன். படிப்பதும் வண்ணம் தீட்டுவதும் ஒன்றிலேயே முடிகிறது. தொலைந்து போனால் கவலையில்லை.

ஒன்பது வயதுக்கு நீண்ட நாவலைவிடத் துண்டு துண்டாகப் படிக்க முடிகிறவை நல்லது. சிறுகதைத் தொகுப்பு, புதிர்ப் புத்தகம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழின் பழைய பிரதிகள் போன்றவை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "டீ, காபி" என்று ஒருவர் கடந்துபோகிற இடத்தில், விட்ட இடத்தைத் தேட வேண்டாத புத்தகம்தான் ஓடும். என் கணவர் முத்து காமிக்ஸ் பழையது ஒன்றை எடுத்து வருவார். 1972இலிருந்து சிவகாசியில் அச்சாகிற அந்த வரிசை ரயிலுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது என்பது அவர் கட்சி. நான் மறுத்துப் பேசுவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் போனைத் தொடுவதில்லை.

எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓடுகிற பெட்டியில் வரி குதிக்கும். பொடி எழுத்து என்றால் ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

அப்புறம், ஈரத் துணியோ ஈரத் தாளோ கட்டாயம். மணப்பாறை முறுக்கு தின்ற விரலுக்குப் போன் மசியாது, புத்தகம் தாங்காது.

படி 3: போனைத் தயார் செய்வது

இதைப் பலர் செய்வதே இல்லை. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, போனை அப்படியே கையில் கொடுக்கிறோம்.

என்ன பார்ப்பது என்று முதல் நாளே பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். ஒரு படம் அல்லது மூன்று சிறு நிகழ்ச்சிகள். வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் சிக்னலை நம்பினால், படம் நின்று நின்று சுற்றும், கோபம் உங்கள் மேல் திரும்பும். பிறகு போனை விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுங்கள். இணையம் இல்லாத போனில் அடுத்த வீடியோ தானாக வராது. படம் முடிந்தால் முடிந்ததுதான். "போதும், கொடு" என்று பிடுங்குகிறபோது வருகிற அழுகை, தானாக முடிந்துபோகிற படத்துக்கு வருவதில்லை. இந்த ஒரு விஷயம் எங்கள் வீட்டில் மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட அதிகம் வேலை செய்தது.

ஹெட்போன் கட்டாயம், பக்கத்தில் இருப்பவர்கள் டிக்கெட் எடுத்தது உங்கள் கார்ட்டூனுக்கு அல்ல. சிறுவர்களுக்கென்று ஒலி 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி செய்தவை கிடைக்கின்றன. ரயில் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கவனியுங்கள்.

இருக்கை அருகே ப்ளக் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பவர் பேங்க் ஒன்று போதும். விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. மற்றபடி சென்னை–மதுரை விமானம் ஒரு மணி நேரச் சமாச்சாரம், அதற்கு ஒரு படப் புத்தகமே அதிகம்.

மின்னூல் கருவி வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுத்துப் போகலாம். அமேசான் கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் வருகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் இரண்டு பிள்ளைகள் ஒரு கிண்டிலைச் சுற்றிக் குனிந்து படம் பார்க்க முடியாது. படப் புத்தகத்தை மடியில் விரித்தால் மூன்று தலைகள் அதற்குள் வந்துவிடும்.

படி 4: பயணத்தைப் பிரிப்பது

வைகையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய பகல் வண்டி. சென்னையில் மதியம் கிளம்பி, இருட்டுகிற நேரத்தை ஒட்டித் திருச்சி, ராத்திரி மதுரை. உங்கள் வண்டி வேறாக இருந்தால் இதே கணக்கை அதன் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வரை எதையும் எடுக்காதீர்கள். புத்தகமும் வேண்டாம், போனும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அப்போது ரயிலே போதும். மின்சார ரயில் பக்கத்தில் போட்டி போட்டு ஓடும், கொளவாய் ஏரி வரும், அப்புறம் பாலாற்றுப் பாலத்தில் சத்தம் மாறும். "ஆத்துல தண்ணி எங்கம்மா?" என்று சின்னவன் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

விழுப்புரம் தாண்டி அரியலூர் வரை வேடிக்கை குறைவு. சாப்பாடும் முடிந்திருக்கும். இதுதான் புத்தக நேரம். வீட்டில் நிறுத்திவைத்த கதையை இங்கேதான் எடுக்க வேண்டும். தனித்தனியாகப் படிக்கச் சொல்லாமல் முதலில் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்காருங்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்குக் கேட்காது. நாடகம் போட வேண்டாம், இரைச்சலுக்கு மேல் கேட்கிற அளவு குரல் போதும். இருபது நிமிடம் படித்தபின் பெரியவளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன். அவள் தம்பிக்குப் படிப்பாள், அல்லது தனக்குள் படிக்க ஆரம்பித்துவிடுவாள். அது அவள் இஷ்டம்.

போன வருடம் ஒரு நரிக் கதையின் நடுவில் முறுக்குக்காரர் வந்தார். மகள் புத்தகத்தை மூடிவிட்டு முறுக்குக்குத் திரும்பினாள். எதிர் இருக்கையில் விருத்தாசலத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வந்த தாத்தா ஒருவர், கண்ணைத் திறக்காமலே, "பாப்பா, அந்த நரி கிணத்துலயேதான் கெடக்கா?" என்றார். மகள் வாயில் முறுக்கோடு மீதியைப் படித்து முடித்தாள். ஹெட்போனுக்குள் ஓடும் கதையை எதிர் இருக்கையில் இருப்பவர் கேட்க முடியாது.

கொள்ளிடம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லாவற்றையும் மூடுங்கள். ரயில் தடத்தில் இவ்வளவு பார்க்க இருக்கிற இடம் நம் பக்கத்தில் குறைவு. முதலில் கொள்ளிடம், அப்புறம் ஸ்ரீரங்கம், அப்புறம் காவிரி, உடனே மலைக்கோட்டை. இருட்டுவதற்கு முன் வண்டி அங்கே வந்துவிட்டால் அதிர்ஷ்டம். இந்த நேரத்தில் நல்ல கட்டத்தில் இருக்கிற புத்தகத்தைக்கூட நான் பிடுங்கி வைத்துவிடுவேன். ஆறு வரும்போது குனிந்துகொண்டு புத்தகம் படிக்கிற பிள்ளைக்கும் போன் பார்க்கிற பிள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

திருச்சிக்குப் பிறகு ஜன்னல் கறுத்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, பெட்டி வெளிச்சத்தில் படித்துக் கண்ணும் சோர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கும் நமக்கும் பொறுமை முடிகிற நேரம். போனை இங்கே கொடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். திண்டுக்கல் வரை ஒரு படம் ஓடும். எங்கள் விதியே "ஜன்னல் இருட்டினால்தான் போன்". மணி பார்க்கத் தெரியாத சின்னவனுக்கும் இது புரிகிறது. நான்கு மணிக்கே "இருட்டிருச்சா?" என்று கேட்பான், அவனே எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வான்.

திண்டுக்கல்லில் படம் முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து மதுரை வரை செருப்பு தேடுவது, பாட்டுக்குப் பாட்டு, பை எண்ணுவது.

படி 5: பெரியவர்கள் செய்ய வேண்டியது

சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே கஷ்டமான படி இது. நான் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே "நீ புத்தகம் படி" என்று சொன்ன நாள்களில் இரண்டு பேரும் படிக்கவில்லை. அலுவலக அழைப்பு வரும் என்றால் எழுந்து கதவுப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். கையில் ஒரு வார இதழாவது வைத்துக்கொள்ளுங்கள். 1844இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸின் புத்தகக் கடைகள் ரயில் நிலையங்களில் இருந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். வண்டி கிளம்பும் நேரத்தில் அப்பா ஓடிப்போய் வாங்கி வருகிற இதழின் மை வாசனை அது. இப்போது நடைமேடைக் கடைகளில் சார்ஜர் ஒயர்தான் அதிகம் தொங்குகிறது. இதழை வீட்டிலிருந்தே கொண்டு போய்விடுங்கள்.

படி 6: பஸ், கார், மலைப்பாதை

மேலே சொன்னதெல்லாம் ரயிலுக்கு. சாலையில் கணக்கு வேறு. உள்காது "நகர்கிறோம்" என்கிறது, புத்தகத்திலோ திரையிலோ பதிந்த கண் "அசையவில்லை" என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது அதிகம். இதில் தாளுக்கும் திரைக்கும் பாகுபாடு இல்லை, இரண்டுமே வாந்தி எடுக்க வைக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வளைவுகளில் புதிர்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாட்டை விரிவாகச் சொல்ல வேண்டாம். அந்தப் புத்தகம் இப்போது இல்லை.

மலை ஏறும்போது கண்ணை வெளியே, தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பஸ் என்றால் முன்பக்க இருக்கை, ஜன்னல் கொஞ்சம் திறந்து. வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். வாந்தி மாத்திரை தேவைப்படுகிற பிள்ளை என்றால் முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவு வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலிலும் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைக்காமல் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் தாங்கும்.

கண்ணுக்கு வேலை இல்லாதபோது காதுக்குக் கொடுக்கலாம். அப்பத்தாவிடம் நான்கு கதைகளைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நடுவில் குக்கர் விசில், "இருடி, அடுப்ப அணைச்சுட்டு வர்றேன்", எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதையைவிட அந்த விசில்தான் பிடிக்கும், விசில் வருவதற்கு முன்னாலேயே இவர்கள் அடித்துவிடுவார்கள். போனின் திரையைக் குப்புறக் கவிழ்த்து டாஷ்போர்டில் வைத்துவிட்டால் போதும்.

படி 7: ராத்திரி வண்டி

ராத்திரி பத்து மணிக்கு மேல் நடு பெர்த் விரிக்கப்படும், விளக்கணையும், ஹெட்போன் இல்லாமல் பாட்டுப் போடக் கூடாது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம். அதில் போனை எடுக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அமெரிக்காவில் 12 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியான சின்ன ஆய்வு ஒன்றில், தூங்கும் முன் ஒளிரும் டேப்லெட்டில் படித்தவர்களுக்கு அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. பத்து நிமிடம் என்பது வீட்டில் ஒன்றும் இல்லை. மேல் பெர்த்தில் ஐந்து வயதுப் பையனைத் தட்டிக்கொண்டு படுத்திருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஏசி பெட்டியில் தலைமாட்டு விளக்கு இருக்கும். இல்லாத பெட்டியில் சின்ன டார்ச் போதும், பக்கத்து பெர்த்துக்காரர் கண்ணில் அடிக்காமல் பிடியுங்கள். ஏற்கெனவே பத்துத் தடவை படித்த புத்தகத்தை எடுங்கள். புதுக்கதை தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 8: ஊரில் இறங்கிய பிறகு

கொண்டுபோன புத்தகங்களில் பாதியை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பை எடை குறைகிறது, அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் போய் இறங்கியதும் தேடுவதற்கு ஏதோ இருக்கிறது. திரும்பும் பயணத்துக்கு மதுரையிலேயே ஆளுக்கு ஒரு புதுப் புத்தகம், அவர்களே கடையில் எடுத்தது. நம் கண்ணுக்கு அது மட்டமாகத் தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

முறுக்கு எண்ணெய்க் கைரேகை படிந்த அந்த நரிக் கதைப் புத்தகத்தையும் அப்படித்தான் அலமாரியில் விட்டு வந்தோம். பத்து நாள் கழித்து அப்பத்தா போன் செய்தார். மதியங்களில் படித்து முடித்துவிட்டாராம். முதல் கதை பரவாயில்லை, இரண்டாவது சுத்த மோசம், நரியை இப்படியா சொல்வது, அடுத்த தடவை வரும்போது சரியான கதையைத் தான் சொல்வதாகவும் பதிவு செய்ய போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வரும்படியும் சொல்லிவிட்டு வைத்தார்.